துவைக்கிற கல்லின் அடிப்பக்கம்

இதை எழுத வேண்டும் என்று எத்தனையோ முறை பேனாவை எடுத்திருக்கிறேன். எடுத்த வேகத்தில் மூடியும் வைத்திருக்கிறேன். நான் எட்டாவது வரைக்கும் படித்தவள். கல்வெட்டு, பழைய ராஜாக்கள், இடிந்த கோயில் என்று எழுதுவதற்குப் படித்தவர்கள் இருக்கிறார்கள். அதோடு இது என் வீட்டுக்காரர் ஒரு வருஷத்துக்குக் கிட்டத்தில் அண்ணாமலையார் கோயிலுக்குள் காலெடுத்து வைக்காமல் இருந்த கதை. வீட்டு விஷயத்தை வெளியில் போடலாமா என்ற தயக்கம் எல்லாவற்றையும்விடப் பெரிது. அவர் போய்ச் சேர்ந்த பிறகும் சில வருஷம் தயங்கினேன். இப்போது எனக்கும் கண் மங்கிக்கொண்டு வருகிறது. சாமி மேல் பாரத்தைப் போட்டு ஆரம்பிக்கிறேன்.

எங்கள் வீடு செங்கம் ரோட்டில், ஆசிரமத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரம். மாமனார் கட்டிய ஓட்டு வீடு. என் வீட்டுக்காரருக்குப் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் சைக்கிள் கடை. வாடகை சைக்கிள், பஞ்சர், காற்றடிப்பது. காலையில் கடை திறப்பதற்கு முன்னால் கோயிலுக்குப் போய்விட்டுத்தான் போவார். மழையானாலும் சரி, காய்ச்சலானாலும் சரி. 'சாமியப் பார்க்காம பூட்டைத் திறந்தா சாவியே திரும்பாது' என்று சொல்வார். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று கல்யாணமான புதிதில் நினைத்தேன். விளையாட்டு இல்லை.

எழுபதுகளின் கடைசி அது. ஆசிரமத்துக்கு வெள்ளைக்காரர்கள் வருவது ஜாஸ்தியாகியிருந்த நேரம். தெருவில் ஆளாளுக்கு ஒரு ரூமை ஒதுக்கி வாடகைக்கு விட்டார்கள். நாங்களும் பின்கட்டு ரூமை வெள்ளையடித்து விட்டோம். வந்தவர் ஐம்பது வயதுக்கு மேற்பட்ட ஒரு வெள்ளைக்கார அம்மாள். தனி ஆள். தன் ஊரிலிருந்து வேன் பிடித்து, நாடு நாடாகத் தரை வழியாகவே வந்தவர். புத்தகம் வைத்துக்கொண்டு தமிழ் கற்றிருந்தார். அதனால் புத்தகம் பேசுவது போலவே பேசுவார்.

"அம்மா, இன்று வெப்பம் மிகுதியாக உள்ளது. சிறிது மோர் கிடைக்குமா?"

கீழ்பென்னாத்தூரிலிருந்து வந்திருந்த என் நாத்தனார், வீட்டுக்காரருக்கு அக்கா, இதைக் கேட்டு வாயைப் பொத்திக்கொண்டார். "இன்னாடி இது, ரேடியோவுல நியூஸ் படிக்கிற மாதிரி பேசுது! உன் ஊட்டுல மோர் கேக்கறதுக்கும் இலக்கணம் வோணுமா?"

அந்த அம்மாவுக்காகக் கக்கூஸ் ஒன்று கட்ட வேண்டியிருந்தது. நாங்கள் அதுவரை ஏரிப் பக்கம் போய்க்கொண்டிருந்தவர்கள். மேஸ்திரி வந்து கிணற்றடியில் இடம் பார்த்தார். துவைக்கிற கல்லை நகர்த்தினால்தான் சாக்கடைக்கு வழி கிடைக்கும் என்றார். அது பெரிய பலகைக்கல். வீடு கட்டிய காலத்தில் மாமனார் எங்கிருந்தோ மாட்டு வண்டியில் கொண்டுவந்து போட்டது. அந்தக் கல்லில்தான் நான் துணி துவைப்பேன், அதில் நின்றுதான் எல்லாரும் கால் கழுவுவோம், என் வீட்டுக்காரர் தினமும் குளிப்பதும் அதன் மேல் நின்றுதான்.

கடப்பாரை போட்டு நெம்பிக் கல்லைப் புரட்டினார்கள். அடிப்பக்கம் முழுக்க ஈர மண். மேஸ்திரி ஒரு குடம் தண்ணீர் ஊற்றினார். மண் கரைந்து ஓட ஓட வரி வரியாக எழுத்து தெரிந்தது.

மேஸ்திரி கடப்பாரையைக் கீழே வைத்தார். "அண்ணே, இது கோயில் கல்லாட்டம் இருக்குதே."

என் வீட்டுக்காரர் குனிந்து பார்த்தார். தமிழ் மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. ஒரு எழுத்து தெரிந்தால் பக்கத்து எழுத்து தெரியவில்லை. அவர் படிக்கப் பார்க்கவில்லை. தன் காலைப் பார்த்தார். பிறகு கல்லைப் பார்த்தார். எங்கள் வீட்டில் பழைய பேப்பர் காலில் பட்டால்கூடத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற மனுஷர் அவர்.

சத்தம் கேட்டு வெள்ளைக்கார அம்மா ஓடி வந்தார். கல்லைப் பார்த்ததும் அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. உள்ளே போய் ஒரு பிஸ்கட் டின்னை எடுத்து வந்தார். நிறைய போட்டோக்கள். வழியிலெல்லாம் அவர் பார்த்துவிட்டு வந்த பழைய இடங்கள். கூரையே இல்லாமல் வானத்தைப் பார்த்து நிற்கிற பாரசீகத் தூண்கள். முழங்காலில் கை வைத்து உட்கார்ந்திருக்கிற மலை மாதிரி எகிப்து ராஜாக்கள், முகம் உடைந்து. களிமண் பலகையில் கோழி கிளறினாற்போல ஒரு எழுத்து. இன்னொரு பயணத்தில் பார்த்தாராம், காட்டுக்கு நடுவில் படிப்படியாக ஏறுகிற ஒரு கோயில்.

என் வீட்டுக்காரர் அந்தக் கோயில் போட்டோவைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "எந்த ஊரா இருந்தா இன்னா, சாமி இருந்த எடம்" என்றார்.

வெள்ளைக்கார அம்மா உற்சாகமாகச் சொல்லிக்கொண்டே போனார். "எல்லா நாட்டினரும் கல்லில் எழுதினர் ஐயா. எல்லோரும் இறுதியில் சாபமும் எழுதினர். இக்கல்லுக்குத் தீங்கு செய்பவன் குலம் அழிக, அவன் கிணறு வற்றுக என்று. உங்கள் கல்லிலும் இருக்கக்கூடும்!"

நல்ல மனதோடுதான் சொன்னார். சர்க்கரை போட்ட பலகாரத்தை நீட்டுகிற மாதிரி நீட்டினார். என் வீட்டுக்காரர் போட்டோவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

மறுநாள் காலையில் கோயிலுக்குப் போகவில்லை. நேராகக் கடைக்குப் போனார். அதற்கு அடுத்த நாளும் அப்படித்தான்.

"இன்னாங்க, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டேன்.

"உள்ள போனா சண்டிகேஸ்வரரைக் கும்பிடணும் இல்ல?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. சிவன் கோயிலில் எல்லாச் சன்னதியும் முடித்துக் கடைசியாகச் சண்டிகேஸ்வரரிடம் வருவோம். அவர்தான் கோயில் சொத்துக்குக் காவல். அவர் முன்னால் மெல்லக் கை தட்டி, இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டுவோம், இங்கிருந்து ஒரு தூசியும் நான் எடுத்துப் போகவில்லை என்று. எல்லாரும் யோசிக்காமல் செய்கிற காரியம். இவருக்கு அது சத்தியம் பண்ணுவது போல.

"ஊட்ல கல்லை வெச்சிக்கினு அவர் முன்னாடி எப்படிம்மே கைய விரிப்பேன்? பொய் சொல்லச் சொல்றியா?"

"அப்போ கல்லைக் கொண்டுபோய்க் கோயில்ல குடுத்துடலாமே."

"எந்தக் கோயில்ல? அப்பா எங்கேர்ந்து கொண்டாந்தார்னே தெரியாது. ஒரு சாமி கல்லை இன்னொரு சாமி வாசல்ல போடறதா? குடுக்கப் போனா எப்படி வந்துச்சின்னு கேப்பாங்க. செத்துப்போன மனுஷனைத் திருடன்னு நான் சொல்லணும்."

யாரிடமாவது காட்டிப் படிக்கச் சொல்லலாம் என்றேன். அதற்கும் ஒப்பவில்லை. சாபம் இருந்தால் அதை வாய்விட்டுப் படிக்கக் கூடாது, படித்தால் எழுந்துவிடும் என்று அவருக்கு ஒரு பயம். கல்லின் மேல் கோணிப்பை போட்டு மூடினார். கக்கூஸ் வேறு பக்கம் தள்ளிக் கட்டப்பட்டது. நான் புதுக் கல்லில் துவைத்தேன்.

பௌர்ணமிக்கு மலை சுற்றப் போவதை மட்டும் விடவில்லை. மலை வெளியில் இருக்கிறது, அங்கே யாரும் கை விரிக்கச் சொல்லவில்லை. ஆனால் ராஜகோபுரத்து வாசலில் கற்பூரம் ஏற்றி, செருப்பைக் கழற்றி, ரோட்டில் நின்றே கும்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுவார். பூக்கடைக்காரர்கள் கேட்கத் தொடங்கினார்கள். "இன்னா சைக்கிள்காரே, சாமிகிட்ட கோவமா?" அவர் சிரித்து வைப்பார். 

அந்த வருஷக் கார்த்திகை தீபம் வந்தது. எங்கள் ஊரில் பிறந்தவர்களுக்கு அது என்ன என்று சொல்ல வேண்டியதில்லை. சாயங்காலம் அர்த்தநாரீஸ்வரர் கண் மூடித் திறப்பதற்குள் வெளியே வந்து காட்சி கொடுத்துவிட்டு உள்ளே போவார். அந்த நேரத்தில்தான் மலை மேல் தீபம் ஏறும். அந்தக் காட்சியை அவர் சின்ன வயதிலிருந்து ஒரு வருஷமும் விட்டதில்லை. அந்த வருஷம் வீட்டு வாசலில் நின்று மலையை மட்டும் பார்த்தார். தீபம் தெரிந்ததும் தெருவே 'அரோகரா' என்று கத்தியது. அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார்.

தீபத்துக்கு வந்திருந்த நாத்தனார் என்னைப் பிடித்துக்கொண்டார். "எந்தம்பி இன்னாடி இப்படி எலும்பாப் போயிட்டான்? சோறு போடறியா, பட்டினி போடறியா?"

"உங்க தம்பி தட்டை வந்து பாருங்க அண்ணி. வெச்சது வெச்சபடி இருக்குது."

விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "வீட்டை வித்துட்டு எங்க ஊருக்கு வந்துடுங்க. இந்த எடமே வாணாம்" என்றார். என் வீட்டுக்காரர் சுவரைப் பார்த்தபடியே, "அதையும் யோசிச்சினுதான் இருக்கேன்" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மலையைப் பார்க்காமல் ஒரு நாள் இருக்க முடியாதவர், மலையை விட்டே போகிறேன் என்கிறார்.

மறுநாள் அவர் சாப்பிட உட்கார்ந்தபோது எதிரில் நானும் உட்கார்ந்தேன்.

"நான் ஒண்ணு கேக்கறேன். கல்லுல இன்னா எழுதியிருக்குதுன்னு நமக்குத் தெரியாது. தெரியாமலே ஊரை விட்டுப் போறதா? சாபந்தான்னா, தெரிஞ்சிக்கினு பரிகாரம் பண்ணலாம். சாமி இன்னா நம்மளைப் பேசவிடாம அடிக்கிறவரா?"

சோற்றைப் பிசைந்துகொண்டே, "அப்பா பேரு வெளிய வரக்கூடாது" என்றார். அது சம்மதம்தான் என்று எடுத்துக்கொண்டேன்.

வெள்ளைக்கார அம்மாவிடம் சொன்னேன். தான் சொன்ன ஒரு வார்த்தையால் இத்தனை நடந்திருக்கிறது என்று தெரிந்ததும் அவர் முகம் சுண்டிவிட்டது. அப்போது பக்கத்து ஊர் ஒன்றில் கவர்மெண்டு ஆட்கள் கோயில் சுவரில் கல்வெட்டுப் படி எடுத்துக்கொண்டிருந்தார்கள். நேராக அங்கே போய் அவர்களில் ஒருவரை அழைத்து வந்துவிட்டார். நடுவயதுக்காரர். வெற்றிலை போட்டுச் சிவந்த வாய். வந்ததும் குடிக்கத் தண்ணீர் கேட்டார், பிறகு கல் எங்கே என்றார்.

கோணிப்பையை விலக்கியதும் என் வீட்டுக்காரர் தென்னை மரத்தோரம் போய் நின்றுகொண்டார். கோர்ட்டில் தீர்ப்பு கேட்க நிற்கிறவர் மாதிரி கை கட்டிக்கொண்டு.

கல்வெட்டுக்காரர் கல்லைத் தேய்த்துக் கழுவினார். நனைத்த காகிதத்தை அதன் மேல் ஒட்டினார். ஒரு பிரஷ்ஷால் தட்டு தட்டு என்று தட்டினார். எழுத்து இருக்கிற பள்ளத்திலெல்லாம் காகிதம் இறங்கியது. ஈரம் கொஞ்சம் காய்ந்ததும் துணிப் பந்தில் மை தொட்டு ஒற்றினார். காகிதம் கறுப்பாக, எழுத்து மட்டும் வெள்ளையாக மேலே வந்தது. இத்தனை மாதம் கோணிக்குக் கீழே கிடந்து எங்களை மிரட்டியது பளிச்சென்று வெயிலில் தெரிந்தது.

அவர் விரல் வைத்து வரியாகப் படித்தார். படித்துப் படித்து எங்களுக்குச் சொன்னார். ஒரு ராஜாவின் ஆட்சி வருஷம். கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் ஒரு ஊர். அந்த ஊர் ஈஸ்வரனுக்கு ஒரு விளக்கு, சூரியன் சந்திரன் இருக்கிற வரைக்கும் எரிய. அதற்கு நெய்க்காகத் தொண்ணூறு ஆடு. கொடுத்தது ஒரு பொம்பளை.

"சாவா மூவாப் பேராடுன்னு போட்டிருக்காங்க" என்றார்.

தீபத்துக்கு வந்து இன்னும் ஊர் திரும்பாமல் இருந்த நாத்தனார் முந்திக்கொண்டார். "சாவாத ஆடா? எங்க ஊர் ஆடெல்லாம் தையில பொறந்தா மாசியில போயிடுது."

"செத்துதுன்னா குட்டியை வெச்சி எண்ணிக்கை கம்மி ஆகாம பாத்துக்கணும்மா. அப்போ மந்தைக்குச் சாவு இல்லையே."

எனக்கு அந்த ஆடுகள் கண் முன்னால் வந்தன. ஆனால் என் வீட்டுக்காரர் எதையும் கேட்கிற நிலையில் இல்லை. "கடைசி வரி" என்றார் மரத்தடியிலிருந்து. "கடைசியில இன்னா போட்டிருக்குது சார்?"

கல்வெட்டுக்காரர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். "இத்தன்மம் ரக்ஷிப்பார் ஸ்ரீபாதம் என் தலைமேலது."

"சாபமா?"

"சாபம் இதுல இல்லீங்களே. வேற கல்லுல வரும், கங்கைக் கரையில பசுவைக் கொன்ன பாவத்துல போவான்னு. இதுல அந்த அம்மா அப்படி எழுதலை. இந்தத் தர்மத்தை யார் காப்பாத்தறாங்களோ, அவங்க கால் என் தலை மேல இருக்கட்டும்னு எழுதியிருக்காங்க."

என் வீட்டுக்காரர் அங்கிருந்து நகரவில்லை. "நாங்க காப்பாத்தலையே சார். மிதிச்சோம். வருஷக்கணக்கா மேல நின்னு குளிச்சேன்."

"அந்த ஊர்க் கோயில் இப்ப வெறும் மேடுங்க. முள்ளுச்செடிதான் இருக்குது. கல்லையெல்லாம் எப்பவோ ஏரி மதகுக்கும் ரோட்டுக்கும் எடுத்துட்டாங்க. மதகுல ஒரு கல்லு இருக்குது, எழுத்து மேல் பக்கம். தண்ணி ஓடி ஓடி நக்கிட்டுப் போயிடுச்சி, ஒரு எழுத்து தேறலை. உங்க கல்லு குப்புறக் கிடந்ததாலதான் இவ்வளவு சுத்தமா இருக்குது."

"எங்க அப்பா அதுக்காகத்தான் எழுத்தைக் கீழ வெச்சிப் போட்டிருப்பாரோ?" குரலில் அப்படி ஒரு ஏக்கம்.

கல்வெட்டுக்காரர் கல்லின் விளிம்புக்கடியில் கையை விட்டு, நாங்கள் துவைத்துக்கொண்டிருந்த சொரசொரப்பான பக்கத்தைத் தடவிப் பார்த்தார். இவர் மனம் நோகக்கூடாது என்று ஏதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "தெரியலைங்க. துணி துவைக்க இந்தப் பக்கம்தான் தோதா இருக்கும்" என்றார்.

இதைக் கேட்டு இவர் இன்னும் ஒடிந்துவிடுவார் என்று நினைத்தேன். ஆனால் என் வீட்டுக்காரர் முதல் முறையாக மரத்தை விட்டு வந்து கல்லின் பக்கத்தில் உட்கார்ந்தார். "எதுக்குப் போட்டாரோ போட்டார். எழுத்து நின்னுச்சி இல்ல" என்றார். பிறகு, "அப்போ இது அண்ணாமலையார் கல்லு இல்லையா?"

"இல்லீங்க. அந்த மேட்டு ஈஸ்வரனோடது. நான் எழுதிக்கினு போறேன். நீங்க எழுத்து வெளிய தெரியற மாதிரி நிமித்தி வெச்சி, மழை படாம பாத்துக்குங்க. போதும்."

வெள்ளைக்கார அம்மா பிஸ்கட் டின்னிலிருந்து ஒரு போட்டோவைத் தேடி எடுத்து என் வீட்டுக்காரரிடம் கொடுத்தார். துருக்கி தேசத்தில் ஏதோ கிராமம். ஒரு குடியானவன் வீட்டுச் சுவர். நடுவில் எழுத்து வெட்டிய வெள்ளைக்கல், தலைகீழாக. பக்கத்தில் கோயில் தூண் ஒன்றைக் குடைந்து ஆடுகளுக்குத் தண்ணீர்த் தொட்டி பண்ணியிருந்தார்கள்.

"உலகெங்கும் இப்படித்தான் ஐயா. கோயில் விழும். மக்கள் வீடு கட்டுவர்."

அவர் போட்டோவை உற்றுப் பார்த்தார். "இந்த வீட்டு ஜனங்க நல்லா இருக்காங்களா?"

"மிக நன்றாக உள்ளனர். எனக்குத் தேநீர் அளித்தனர். பாட்டியார் என் கன்னத்தைக் கிள்ளினார்."

என் வீட்டுக்காரர் சிரித்தார். தொண்டையிலிருந்து வருகிற நிஜச் சிரிப்பு. நான் அடுப்படிக்குப் போய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். துக்கத்தில் இல்லை.

அன்றே மேஸ்திரியைக் கூப்பிட்டுக் கல்லைச் சுவரோரம் நிமிர்த்தி, மேலே இரண்டு ஓடு போட்டோம். மறுநாள் காலையில் அவர் குளித்து விபூதி பூசிக்கொண்டு கோயிலுக்குக் கிளம்பினார். நானும் கூடப் போனேன். கோபுர வாசலில் ஒரு நிமிஷம் நின்றார். படியைத் தொட்டுக் கும்பிட்டார். உள்ளே போய்விட்டார். அண்ணாமலையார், அம்மன் எல்லாரையும் பார்த்தோம். சண்டிகேஸ்வரரிடம் வந்ததும் கை தட்டவில்லை, சத்தமாகப் பேச ஆரம்பித்துவிட்டார்.

"வீட்ல ஒரு கல்லு இருக்குது சாமி. அது இந்தக் கோயில்து இல்ல. கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்து ஈஸ்வரனுது. அங்க கூரை இல்ல, அதனால எங்கிட்ட இருக்குது. கூரை வந்ததும் கொண்டுபோய் வெச்சிடறேன்."

பின்னால் வரிசை நின்றுவிட்டது. யாரோ ஒருவர், "இன்னா சார், சாமிகிட்ட ஜாமீன் எழுதித் தர்றீங்களா? நகருங்க, கடை திறக்கணும்" என்றார். இவர் திரும்பி, "எனக்குந்தான் கடை இருக்குது, இருய்யா" என்றார். கேட்டவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அவர் காரியத்தை முடித்துக்கொண்டுதான் நகர்ந்தார். அன்று மத்தியானம் கடையிலிருந்து சாப்பாட்டுக்கு வந்து ரசத்துக்கு இரண்டாம் முறை சோறு கேட்டார்.

சில வருஷம் கழித்து, எண்பதுகளில், அந்த மேட்டை ஊர்க்காரர்கள் சுத்தம் பண்ணி, மண்ணுக்குள் கிடந்த லிங்கத்தை எடுத்துக் கீற்றுக் கொட்டகை போட்டு வைத்தார்கள். சேதி தெரிந்த வாரமே மாட்டு வண்டியில் வைக்கோல் பரப்பிக் கல்லைக் கொண்டுபோய் அங்கே நிறுத்தினோம். ஒரு அகல் விளக்கும் ஏற்றினார். வரும் வழியெல்லாம் வண்டியில் தூங்கிக்கொண்டே வந்தார். அப்படி ஒரு தூக்கத்தை நான் அவரிடம் பார்த்ததில்லை.

வெள்ளைக்கார அம்மா அதற்கு முன்பே ஊர் திரும்பிவிட்டார்.

இதற்குள் ஊரில் கதை வளர்ந்துவிட்டது. கல்லுக்கடியில் புதையல் இருந்தது என்றார்கள். கல் கனவில் வந்து பேசியது என்றார்கள். மாமனார் தெய்வ வாக்குக் கேட்டுத்தான் எழுத்தைக் கீழே போட்டார் என்று என் சொந்தக்காரர்களே சொல்லக் கேட்டேன். அதெல்லாம் கிடையாது. ஒரு மனுஷன் பயந்தார். தெரிந்தவர் வந்து படித்தார். பயம் போயிற்று. எனக்கு அது போதுமான அதிசயமாக இருக்கிறது.

அதனால் படிக்கிறவர்களை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்களுக்குப் பிடித்திருந்தால் நாலு பேருக்குச் சொல்லுங்கள், படித்துக் காட்டுங்கள். ஆனால் உள்ளபடி சொல்லுங்கள். புதையலைச் சேர்க்காதீர்கள், கனவைச் சேர்க்காதீர்கள். தெரியவில்லை, துணி துவைக்க அந்தப் பக்கம்தான் தோதாக இருக்கும் என்று அந்தக் கல்வெட்டுக்காரர் சொன்னதையும், எங்கள் மாமனாருக்கு மரியாதை என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். அதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.